சொறியின் இனத்தை அறிவது: குடையைப் பார்த்தா, டி.என்.ஏ.வைப் பார்த்தா?

கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு ஜெல்லி மீனைப் பார்த்து அது இன்ன சிற்றினம் என்று ஆய்வாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள், உடலமைப்பைப் பார்த்தால் போதாதா, டி.என்.ஏ. எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், வகுப்பு, வரிசை, குடும்பம், பெரும்பாலும் பேரினம் வரைக்கும் உடலமைப்பே போதும். பழகியவருக்கு அது ஐந்து நிமிட வேலை. சிற்றினம் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே டி.என்.ஏ. இல்லாமல் பல சமயங்களில் ஓர் அடிகூட நகர முடியாது. ஆனால் டி.என்.ஏ. மட்டும் கையில் இருந்தால் அந்த விலங்குக்குப் பெயர் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியைப் பலரும் தவறவிடுவதால் பதில் சற்று நீளும்.

ஜெல்லி மீன், இழுது மீன், சொறிமுட்டை என்று நூல்கள் பலவாறு எழுதினாலும் கரையில் வலை இழுப்பவர்கள் சொல்வது சொறி என்றுதான். தொட்டவரைச் சொறிய வைப்பதால் வந்த பெயராக இருக்க வேண்டும். நானும் அதையே எழுதுகிறேன். சொறி என்பது ஒரே குலத்தின் பெயர் அல்ல. குழியுடலிகள் என்னும் பெருந்தொகுதியில், வாழ்நாளின் ஒரு பகுதியை மெடுசா என்ற குடை வடிவத்தில் கழிப்பவற்றுக்கெல்லாம் பொதுவாக வழங்கும் பெயர் அது. அவற்றுள் உண்மைச் சொறிகள் எனப்படும் சைஃபோசோவா ஒரு வகுப்பு, பெட்டிச் சொறிகளான கியூபோசோவா மற்றொன்று, ஹைட்ரோசோவா மூன்றாவது. காம்பால் பாறையையோ கடற்பாசியையோ பற்றிக்கொண்டு வாழும் ஸ்டாரோசோவா நான்காவது. 2004இல்தான் அதற்குத் தனி வகுப்பு என்ற தகுதி கிடைத்தது. சீப்புப் போன்ற மயிரிழை வரிசைகளால் நீந்தும் டீனோஃபோர்கள் பார்வைக்குச் சொறி போலவே இருந்தாலும், அவற்றிடம் கொட்டும் செல்கள் கிடையாது. அவை வேறு தொகுதி.

உடலமைப்பைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் குடையைக் கவிழ்த்து அதன் விளிம்பின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உள்நோக்கி நீளும் மெல்லிய திரை போன்ற வளையம் இருந்தால் அது பெரும்பாலும் ஹைட்ரோசோவா. குடை பெட்டி போல் நாற்புறமும் சரிந்து, நான்கு கீழ்மூலைகளிலிருந்து மட்டும் இழைகள் தொங்கினால் அது பெட்டிச் சொறி. அதன் நான்கு பக்கங்களிலும் உள்ள உணர்வுறுப்புகள் ஒவ்வொன்றிலும் ஆறு கண்கள், ஆக 24 கண்கள் இருக்கும். இரண்டும் இல்லாமல், விளிம்பில் பள்ளம் பள்ளமாக வெட்டுப்பட்டு, அந்தப் பள்ளங்களில் உணர்வுறுப்புகள் பொதுவாக எட்டு அமர்ந்திருந்தால் அது உண்மைச் சொறி. அடுத்ததாக வாயைப் பார்க்க வேண்டும். சுருக்கம் வைத்துத் தைத்த துணி போன்ற நான்கு வாய்க்கைகளும் (வாயைச் சுற்றித் தொங்கும் கைகள்) இழைகளும் இருந்தால் ஒரு வரிசை. வாய்க்கைகள் எட்டாக இருந்து, நடுவாய் மூடிப்போய், கைகளெங்கும் ஊசித்துளை அளவில் ஆயிரக்கணக்கான சிறுவாய்கள் இருந்து, குடை விளிம்பில் ஓர் இழைகூட இல்லாவிட்டால் அது ரைசோஸ்டோமியே என்னும் வரிசை. குடையின் மேற்புறத்தைச் சுற்றி ஆழமான வளையப் பள்ளம் ஓடினால் அது கொரோனாட்டே; அவற்றில் பல ஆழ்கடலில் வாழ்பவை என்பதால் கரையில் அவற்றைப் பார்ப்பது அரிது. உப்பும் படிகாரமும் இட்டுப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் சொறிகள் எல்லாம் ரைசோஸ்டோமியேதான், ஏனெனில் அவற்றின் குடை கெட்டியானது. 1980களின் இறுதியில் மாமல்லபுரத்தை அடுத்த ஆலம்பரைக்குப்பத்தில் இவ்வாறு சொறி பதப்படுத்தப்பட்டதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்திருக்கிறது.

இந்தப் படிநிலையில் தவறு நேர்வது குறைவு. வாய்க்கைகளின் நுனியில் சதைப்பற்றான தண்டு ஒன்று நீண்டிருந்தால் கேட்டோஸ்டைலிடே குடும்பத்துக்குள் அது கிராம்பியோனெல்லா என்னும் பேரினம் என்று துணிந்து எழுதலாம். அந்தப் பேரினத்துக்குள் எந்தச் சிற்றினம் என்று கேட்டால்தான் கை தயங்கும்.

தயக்கத்துக்குக் காரணம் சொறியின் உடலேதான். மீனுக்குத் துடுப்பு முள்களை எண்ணலாம், நண்டுக்குக் கொடுக்கின் பற்களை எண்ணலாம். சொறிக்கு எண்ணத்தக்க கெட்டியான உறுப்பே கிடையாது. உடலில் 95 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர். உணவு கிடைக்காவிட்டால் அது மெலிவதில்லை; உருவத்தில் சிறுத்துவிடுகிறது. அதனால் குடையின் அகலத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. வளர வளர இழைகளின் எண்ணிக்கையும் கால்வாய்களின் கிளைகளும் கூடிக்கொண்டே போகும். நிறம் உணவையும் இடத்தையும் பொறுத்து மாறும். பிடித்த பிறகும் மாற்றம் ஓயாது: ஃபார்மலினில் போட்டால் சுருங்கும், ஆல்கஹாலில் போட்டால் அதைவிட மோசமாகச் சுருங்கி நெளிந்துபோகும். நூறாண்டுகளுக்கு முன் ஒரு புட்டியில் போட்டுவைத்த வெண்ணிறச் சவ்வுத் துண்டைப் பார்த்து உயிரோடு இருந்தபோது அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது, சலவைக்குப் போய்ச் சுருங்கி வந்த சட்டையைப் பார்த்து உடுத்தியவரின் உயரத்தைச் சொல்வது போன்றது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நிலாச் சொறி, அதாவது ஆரீலியா. உலகின் மீன்காட்சியகங்கள் பலவற்றில் நீல வெளிச்சத்தில் மிதப்பது இதுதான். லின்னேயஸ் 1758இல் இதற்கு மெடுசா ஆரிட்டா என்று பெயரிட்டார். ஆரிட்டா என்றால் காதுடையது. குடையின் நடுவில் லாடம் போல் வளைந்து தெரியும் நான்கு இனப்பெருக்க உறுப்புகள் காதுகளை நினைவூட்டும். இந்த நான்கு என்ற எண்ணையும் நம்பிவிட முடியாது. மூன்று, ஐந்து, ஆறு என்று உள்ளவையும் ஒரே கூட்டத்தில் கலந்து கிடைக்கும். உருப்பெருக்கியின் கீழ் ஒரு நிலாச் சொறியின் விளிம்பை வைத்துப் பாருங்கள். மயிர் போன்ற குட்டை இழைகள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும். இடையிடையே ஒரு சிறு பள்ளமும், அதை மூடிய ஒரு முக்காடும், முக்காட்டின் அடியில் விரல் நுனி போன்ற ஒரு புடைப்பும் தெரியும். அந்த நுனியில் சர்க்கரைத் துகள்களைப் போல் மின்னுபவை கால்சியம் சல்ஃபேட் படிகங்கள். எது மேல், எது கீழ் என்று சொறிக்கு உணர்த்துவது அவைதான். அழகான அமைப்பு, ஆனால் பால்டிக் கடலின் சொறியிலும் ஜப்பானியச் சொறியிலும் இது கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

எனவே நிலாச் சொறிகளின் பெயர்ப்பட்டியல் ஒரு காலத்தில் நீண்டது, பிறகு சுருங்கியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலர் ஆரிட்டா, லிம்பேட்டா என்ற இரண்டை மட்டுமே ஏற்றுக்கொண்டார்கள். குடை விளிம்பு கரும்பழுப்பாக இருந்தால் லிம்பேட்டா, மற்றவையெல்லாம் உலகெங்கும் பரவிய ஆரிட்டா. 2001இல் மைக்கேல் டாசனும் டேவிட் ஜேக்கப்ஸும் செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவையும், உட்கருவிலுள்ள ஐ.டி.எஸ்.-1 என்னும் பகுதியையும் பல கடல்களின் நிலாச் சொறிகளில் ஒப்பிட்டு, ஆரிட்டா என்று சொல்லப்பட்டதற்குள் குறைந்தது ஏழு சிற்றினங்கள் மறைந்திருப்பதாகக் காட்டினார்கள். 2021இல் ஜொனாதன் லாலியும் உடன் ஆய்வாளர்களும் செய்த திருத்தத்தில் ஆரீலியா சிற்றினங்களின் மொத்த எண்ணிக்கை 28 ஆனது. அவர்கள் உடலளவுகளையும் விரிவாக எடுத்துப் பார்த்தார்கள். ஒரு சிற்றினத்துக்குள் இருக்கும் வேறுபாடும் சிற்றினங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பிரித்துக்காட்ட உதவவில்லை. ஆகவே அடையாளக் குறிப்பையே டி.என்.ஏ. எழுத்துகளை (அதாவது அதன் வேதி அலகுகளை) கொண்டு எழுதினார்கள். வகைப்பாட்டியலில் பழைய பள்ளியைச் சேர்ந்த பலருக்கு இது கசந்தது. கண்ணால் பிரித்தறிய முடியாத விலங்குக்குப் பெயர் வைத்து என்ன பயன் என்று கேட்கிறார்கள். பெயர் வைப்பது நம் கண்ணின் வசதிக்காக அல்ல என்பது என் கருத்து. மத்தியதரைக் கடலை எடுத்துக்கொள்ளுங்கள்: அங்கே ஒன்றாகக் கருதப்பட்டதை 2016இல் செருலியா, சோலிடா, ரெலிக்டா என மூன்றாகப் பிரித்தார்கள். ரெலிக்டா குரோவேசியாவின் ம்லியட் தீவிலுள்ள ஓர் உப்புநீர் ஏரிக்கு உரியது. செருலியாவோ கப்பல்களோடும் மனிதப் போக்குவரத்தோடும் உலகின் பல துறைமுகங்களுக்குப் பரவிய வந்தேறி. ஒன்று பாதுகாக்க வேண்டியது, மற்றொன்று கட்டுப்படுத்த வேண்டியது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை.

இனி அந்த டி.என்.ஏ. வேலை எப்படி நடக்கிறது என்பது. வாய்க்கையிலிருந்தோ இனப்பெருக்க உறுப்பிலிருந்தோ நகக்கண் அளவு திசுவை வெட்டி அடர்த்தியான எத்தனாலில் போடுகிறார்கள். குடையின் நடுப்பகுதி வேண்டாம். அங்கே செல்கள் மிகக் குறைவு, இழுதுதான் அதிகம், அந்த இழுதிலுள்ள சர்க்கரைப் பொருள்கள் பிறகு டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடும். வயிற்றுப் பகுதியும் வேண்டாம், ஏனென்றால் சொறி தின்ற இன்னொரு சொறியின் டி.என்.ஏ.வைப் படித்துவிட்டு அதிசயப்பட்டுக்கொண்டிருக்க நேரிடும். சி.ஓ.ஐ. மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியைப் பெருக்கிப் படிப்பதே வழக்கம். ஃபோல்மர் குழு 1994இல் வெளியிட்ட தொடக்கிகள் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறுகிய டி.என்.ஏ. துண்டுகள்) பெரும்பாலான விலங்குகளில் வேலை செய்தாலும் சொறிகளில் அடிக்கடி கைவிடும். அதனால் சொறிகளுக்கென்று மாற்றியமைத்த தொடக்கிகளையோ, ஹைட்ரோசோவாவுக்கு 16எஸ் என்ற வேறு மரபணுவையோ பயன்படுத்துகிறார்கள். சொறிகளின் உறவினரான பவளங்களில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மிக மெதுவாக மாறுவதால் இந்த வழி அங்கே அவ்வளவாக உதவாது. சொறிகளில் அது வேகமாக மாறுவது நம் நல்வாய்ப்பு: நிலாச் சொறிகளில் ஒரே சிற்றினத்துக்குள் சில எழுத்துகளே மாறியிருக்க, சிற்றினங்களுக்கு இடையே பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்ட எழுத்துகள் மாறியிருக்கும். ஆனாலும் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவது. இரண்டு சிற்றினங்கள் கலந்திருந்தால் அது அங்கே தெரியாது. அதனால்தான் உட்கருவிலிருந்து ஒரு சாட்சியாவது வேண்டும் என்று கேட்கிறோம்.

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் எழுத்துகள் மட்டுமல்ல, அதன் வடிவமும் வகைப்பாட்டுக்கு உதவியிருக்கிறது. பவளங்களிலும் கடல் சாமந்திகளிலும் பிற விலங்குகளைப் போலவே அது வளையமாக இருக்கிறது. மெடுசா உண்டாக்கும் வகுப்புகளில் அது இரு முனைகள் கொண்ட நேர்க்கோடாக இருக்கிறது. 1992இல் டயன் பிரிட்ஜும் உடன் ஆய்வாளர்களும் இதைக் காட்டியபோது, சொறி வகுப்புகள் எல்லாம் ஒரே கிளையிலிருந்து வந்தவை, பவளங்கள் தனிக்கிளை என்பது உறுதிப்பட்டது. உடலமைப்பை வைத்து அதுவரை இருபுறமும் வாதாட இடம் இருந்தது.

டி.என்.ஏ. வந்த பிறகு உடலமைப்பைத் திரும்பிப் பார்த்தால், முன்பு கண்டும் காணாமல் விட்டவை புலப்படுவதும் உண்டு. கிரைசேயோரா குவின்குவெசிர்ரா என்ற கொட்டும் சொறியின் கதை அப்படிப்பட்டது. 1848இல் டெசோர் என்பவர் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவருகே கிடைத்ததற்கு இந்தப் பெயரை இட்டார். குவின்குவெசிர்ரா என்றால் ஐந்து இழை. குடையின் எட்டில் ஒரு பங்கு விளிம்புக்கு ஐந்து இழைகள், ஆக மொத்தம் 40. ஆனால் செசபீக் விரிகுடாவில் கோடைதோறும் குளிப்பவர்களை விரட்டும் சொறிக்குப் பெரும்பாலும் எட்டில் ஒரு பங்குக்கு மூன்றுதான், மொத்தம் 24. இந்தச் சொறி வளரும்போது முதலில் எட்டு இழைகளும், பிறகு 24உம், கடைசியில் 40உம் பெறும். ஆகவே விரிகுடாவில் உள்ளவை வளர்ச்சி நின்றுபோன வடிவம் என்று அன்றைய அறிஞர்கள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் தருக்கத்துக்குப் பொருந்தியதுதான், தவறும்தான்.

1936இல் பேப்பன்ஃபஸ் என்ற ஆய்வாளர் இழைகளை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, கொட்டும் நுண்ணுறைகளை அளந்து, விரிகுடாவில் உள்ளதை செசபீக்கை என்னும் வேறுபாட்டு வகையாகக் குறித்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2017இல் கீத் பேஹா, ஆலன் காலின்ஸ், பேட்ரிக் காஃப்னி மூவரும் டி.என்.ஏ., இழை எண்ணிக்கை, கொட்டும் உறைகளின் அளவு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது அவை இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள் என்பது தெளிவானது. திறந்த கடலோரத்தில் இருப்பது குவின்குவெசிர்ரா. உவர்ப்புக் குறைந்த கழிமுகங்களில் இருப்பது கிரைசேயோரா செசபீக்கை. அதாவது செசபீக் விரிகுடாவில் அதுவரை நடந்த ஏராளமான ஆய்வுகள் தவறான பெயரில் நடந்திருந்தன. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: தமிழகக் கரையில் பிடித்த கொட்டும் சொறிகளின் நஞ்சைப் பற்றிய கட்டுரைகள் சிலவும் குவின்குவெசிர்ரா என்ற பெயரையே தாங்கி வெளிவந்தன. அந்தப் பெயர் அட்லாண்டிக் கரைக்கு உரியது என்றான பிறகு, அந்த நஞ்சு எந்த விலங்கின் நஞ்சு என்ற கேள்வி திரும்ப எழுகிறது. அந்த விலங்கின் உடலோ திசுவோ எங்காவது காப்பகத்தில் இருந்தால் மட்டுமே அதற்கு விடை சொல்ல முடியும்.

டி.என்.ஏ. மட்டும் போதாது என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இங்கே வருகிறது. விலங்கியலில் ஒரு பெயர் ஒட்டியிருப்பது டி.என்.ஏ. எழுத்துகளோடு அல்ல, வகைமாதிரி எனப்படும் ஒரு குறிப்பிட்ட உடலோடும் அது கிடைத்த இடத்தோடும்தான். உங்கள் சொறியின் 650 எழுத்துகளைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுத் தேடினால், மிக நெருக்கமானது இது என்று ஒரு பெயர் வரும். அந்தப் பெயரை இட்டவர் யார், எதை வைத்து இட்டார் என்று தரவுத்தளம் விசாரிப்பதில்லை. ஆரீலியா ஆரிட்டா என்று பதிந்த பழைய டி.என்.ஏ. வரிசைகள் பல இன்று வேறு சிற்றினங்களுக்கு உரியவை. மாணவர்கள் 99 விழுக்காடு பொருத்தம் என்ற எண்ணைக் கண்டதும் நிம்மதி அடைந்து மேலே போய்விடுகிறார்கள். தவறான பெயர் அப்படித்தான் பெருகுகிறது. சரியான வழி, பெயர் முதன்முதலில் வைக்கப்பட்ட இடத்துக்கே போய் அங்கிருந்து புதிதாகப் பிடித்து, உடலையும் டி.என்.ஏ. வரிசையையும் சேர்த்துப் பதிவது. அது செலவு பிடிக்கும், அலுப்பான வேலை. வேறு வழியில்லை.

உடலமைப்பு முற்றிலும் கைவிடும் ஓர் இடமும் உண்டு. சொறியின் வாழ்நாளில் பாறையில் ஒட்டியிருக்கும் பாலிப் நிலை ஒன்று வருகிறது. சில மில்லிமீட்டர் உயரம், வெண்ணிறம், உச்சியில் இழைகள், அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வேயின் மிக்கேல் சார்ஸ் இதற்கு ஸ்கைஃபிஸ்டோமா என்றும், அது தட்டுத் தட்டாகப் பிரியும் நிலைக்கு ஸ்ட்ரோபிலா என்றும் தனித்தனி விலங்குகளாகப் பெயரிட்டு, பிற்பாடு அவை சொறியின் பருவங்களே என்று தாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார். எந்தப் பாலிப் எந்தச் சொறிக்கு உரியது என்பதை இன்று டி.என்.ஏ.தான் சொல்கிறது. வட கடலின் தென்பகுதியில் பாலிப்களைத் திரட்டி டி.என்.ஏ. பார்த்து 2016இல் ஒரு குழு வெளியிட்ட ஆய்வில், கிடைத்த உண்மைச் சொறிப் பாலிப்கள் அனைத்தும் ஆரீலியா ஆரிட்டாவாகவே இருந்தன. அதே கடலில் நீந்தும் மற்ற உண்மைச் சொறிகளின் பாலிப்கள் அவர்கள் கையில் சிக்கவே இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு செய்தி சொல்ல வேண்டும், இல்லையேல் பழைய உடற்கூற்று அறிஞர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். நீலப் பலூன் போல் மிதந்து வரும் ஃபிசாலியா ஒற்றை விலங்கல்ல, ஹைட்ரோசோவா வகுப்பைச் சேர்ந்த, பல உயிரலகுகள் ஒன்றாய் இணைந்த ஒரு கூட்டுயிரி. பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதற்குச் சற்றுப் பின்னும் ஃபிசாலிஸ், யூட்ரிகுலஸ், மெகாலிஸ்டா என்று பல பெயர்கள் இட்டார்கள். பின்வந்தவர்கள் இவையெல்லாம் ஒன்றே என்று சேர்த்துவிட்டார்கள். 2025இல் வெளிவந்த மரபுத்தொகுதி (முழு டி.என்.ஏ.) ஆய்வு அவற்றை நான்கு சிற்றினங்களாகக் காட்டியது. பழைய மூன்று பெயர்களும் உயிர்பெற்றன. மினூட்டா என்ற ஒன்று புதிதாகச் சேர்ந்தது. உலகெங்கும் கடற்கரைக்குப் போன பொதுமக்கள் எடுத்துப் பதிவேற்றிய படங்களைப் பார்த்தே நான்கையும் உருவத்தால் பிரிக்க முடிகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. வேறுபாடு எப்போதும் கண்முன்தான் இருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று டி.என்.ஏ. சொல்லிக்கொடுத்தது.

நீங்களே கரையில் ஒரு சொறியைக் கண்டால் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். செத்துக் கிடந்தாலும் கொட்டும். ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கவிழ்த்து வாய்ப்புறம் ஒன்று, விளிம்பை நெருக்கத்தில் ஒன்று என்று படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். உயிரோடு இருக்கும்போது உள்ள நிறத்தையும் எட்டில் ஒரு பங்கு விளிம்பில் எத்தனை இழைகள் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள், இரண்டும் பிறகு கிடைக்காது. ஆய்வுக்கூடத்தின் உதவி இருந்தால் வாய்க்கைத் துண்டை எத்தனாலிலும், மீதி உடலைக் கடல்நீரில் கரைத்த ஃபார்மலினிலும் போட வேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் உருவத்தைக் காத்து டி.என்.ஏ.வைச் சிதைக்கும், எத்தனால் டி.என்.ஏ.வைக் காத்து உருவத்தைச் சிதைக்கும். இரண்டு புட்டிகளுக்கும் ஒரே எண், இடம், தேதி. அந்தச் சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.